டிசிடென்ட் என்றால் யார்?

ஃபார்க், கொலம்பிய அரசை எதிர்த்துப் போராடிப் பின் அதனுடன் அமைதி உடன்பாடு செய்துகொண்ட ஆயுத இயக்கம். அதற்குப் பிறகும் ஆயுதம் ஏந்தி நிற்கும் அதன் குழுக்களைச் செய்திகள் ‘ஃபார்க் டிசிடென்ட்’ என்கின்றன. இவர்களைத் தமிழில் ‘பிரிவினைவாதிகள்’ என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். பிரிவினைவாதி தனிநாடு கேட்பவர். இவர்கள் அதைக் கேட்கவில்லை. ‘கிளர்ச்சியாளர்’ என்பதும் உதவாது. தாய் இயக்கமான ஃபார்க்கே கிளர்ச்சிப் படைதானே!

சொல் லத்தீன். ‘டிஸ்’ என்றால் விலகி, ‘செடேரே’ என்றால் உட்கார். ஆக, தள்ளிப்போய் உட்கார்ந்தவர். போலந்தில் சமய அமைதிக்காகச் செய்த 1573 வார்சா உடன்படிக்கையில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்தே தங்களை ‘சமயத்தில் வேறுபட்டிருக்கும் நாங்கள்’ என்று இச்சொல்லால் குறித்தார்கள். பின்னாளில் அது கத்தோலிக்கர் அல்லாதவர்மீது மட்டும் ஒட்டிக்கொண்டது. சோவியத் காலத்தில் அரசை எதிர்த்துப் பேசியவர்களும் எழுதியவர்களும் டிசிடென்ட் ஆனார்கள். அவர்களுக்கு ‘மாற்றுக் கருத்தாளர்’ சரி. துப்பாக்கி ஏந்தியவருக்கு அது மிக மென்மையான சொல்.

ஆயுதப் பொருள் வட அயர்லாந்தில் 1998 அமைதி உடன்பாட்டை ஏற்காத குடியரசுவாதிகள் (ஒன்றுபட்ட அயர்லாந்து கேட்பவர்கள்) வழியாகப் பரவியது. கொலம்பியாவில் ஸ்பானிய வடிவம் ‘டிசிடென்சியா’. குவாவியாரே பகுதியில் இயங்கிய ஃபார்க்கின் முதலாம் அணி, ஆயுதங்களைக் கையளிக்க மாட்டோம் என்று 2016 நடுவிலேயே அறிவித்தது. இறுதி உடன்பாடு கையெழுத்தானது அந்த நவம்பர் 24-இல்தான். இத்தகையோருக்கு என் பரிந்துரை ‘உடன்படாக் குழு’. உடன்பாடு என்ற சொல்லின் வேரே எதிர்மறையாக நிற்பதால், எதை மறுத்தார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது.

சிக்கல் இவான் மார்கெஸ் விஷயத்தில். கியூபாவின் ஹவானாவில் அரசோடு நடந்த அமைதிப் பேச்சில் ஃபார்க் தரப்பின் தலைமைப் பேச்சாளர் அவர். உடன்பட்டுவிட்டு, 2019 ஆகஸ்ட் 29-இல் மீண்டும் ஆயுதம் ஏந்துவதாகக் காணொளியில் அறிவித்தார். அவருடைய ‘இரண்டாம் மார்கெதாலியா’ என்ற குழுவை ‘உடன்படாக் குழு’ என்பது பொய்யாகிவிடும். ‘மீண்டும் ஆயுதமெடுத்த குழு’ என்க. ஸ்பானியச் செய்திகள் இரண்டையும் ஒரே பெயரில் அடைக்கின்றன, நாமும் அடைக்க வேண்டியதில்லை.

கொலம்பிய அரசு ‘எஞ்சிய ஆயுதக் குழுக்கள்’ என்கிறது. அந்தக் குழுக்களில் சில இன்னும் ஃபார்க் பெயரையே சூடிக்கொள்கின்றன. ஒன்று அரசின் சொல், மற்றது குழுவின் சொல். மேற்கோளில் மட்டும் அவற்றை அப்படியே விடலாம். செய்தியாளரின் சொந்த வரியில், உடன்பாட்டை ஏற்காதவர்களை ‘ஃபார்க்கின் உடன்படாக் குழு ஒன்று’ என்றே எழுதலாம்.