ஆறிப்போகும் கேச்

சேலத்தில் தட்டுவடை செட் போடுகிறவர் சாயங்காலக் கூட்டம் வருமுன்பே கேரட், பீட்ரூட் துருவி, சட்னி அரைத்து வைத்துவிடுவார். ஆள் வந்து நின்ற பிறகு துருவ உட்கார்ந்தால் கடை நடக்காது. வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் இணையதளத்தில் பக்கக் கேச் செய்வதும் இந்த வேலைதான். தளத்தின் நிரலான பி.எச்.பி ஓடி, தரவுத்தளத்தைத் துழாவி ஒருமுறை கட்டிய பக்கத்தை எச்.டி.எம்.எல் கோப்பாக எடுத்து வைத்து, அடுத்து வருகிறவருக்கு அதையே நீட்டும். காத்திருப்பது முதல் ஆள் மட்டும். அந்த முதல் ஆளாக, கேச் வேலையைப் பார்க்கும் ப்ளகினே (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) பக்க முகவரிகளின் பட்டியலான சைட்மேப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் போய்வந்தால் அதுதான் ப்ரீலோட்.

ஏற்காட்டில் தங்கும் விடுதி வைத்திருப்பவரின் தளத்தை எடுத்துக்கொள்வோம். மே மாதக் கோடை விழா சமயத்தில் நாள் முழுக்க ஆள் வரும். மழைக்காலத்தில் இரவெல்லாம் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ப்ரீலோட் ‘ஆன்’ என்று காட்டும். ஆனால் காலையில் முதலில் திறப்பவருக்குப் பக்கம் நான்கைந்து வினாடி இழுக்கும். எடுத்து வைத்த கோப்புக்கு ஆயுள் உண்டு; இரவில் அது முடிந்தும் யாரும் புதுப்பிக்கவில்லை. கோளாறு பெரும்பாலும் ப்ளகினில் இருக்காது, குறித்த நேரத்தில் வேலைகளைக் கிளப்பும் கிரானில் இருக்கும்.

வேர்ட்பிரஸுக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. யாராவது வந்து பி.எச்.பி ஓடும்போதுதான், ‘நேரம் ஆன வேலை ஏதும் உண்டா’ என்று அது பார்க்கும். ஆள் வரவில்லை என்றால் வேலையும் நடக்காது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேச்சிலிருந்து பக்கம் போகும்போது பல அமைப்புகளில் பி.எச்.பி ஓடவே ஓடாது. ஆக, கேச் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அந்த அளவுக்கு அதைப் புதுப்பிக்க வேண்டிய கிரான் தூங்கும். நேரம் குறித்து வைத்த பதிவுகளும் வெளியாகாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் சந்தேகமே வேண்டாம், கிரான்தான்.

இதற்கு வழி: டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில், ‘எடிட் செய்வதை நிறுத்துங்கள்’ என்ற குறிப்பு வரிக்கு மேலே, டிஸேபிள்_டபிள்யூபி_கிரான் என்பதை ட்ரூ ஆக்குங்கள். உடனே ஹோஸ்டிங் நிர்வாகப் பலகையான சி-பேனலின் கிரான் ஜாப்ஸ் பகுதியில், டபிள்யூபி-கிரான் கோப்பை 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டும்படி வேலை போடுங்கள். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள் நிறைய. அப்போது இருந்த கிரானும் போய்விடும். அந்த வேலை ஒவ்வொரு முறையும் தரும் வெளியீட்டை ‘நல்’ (/dev/null) என்ற குப்பைக்குழிக்குத் திருப்பிவிடாமல் விட்டால் நாளுக்கு 288 மெயில் வந்து குவிய வாய்ப்புண்டு. சர்வர் கடிகாரம் பெரும்பாலும் யு.டி.சி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும் என்பதையும் கவனியுங்கள். இரவு 2 மணி என்று நீங்கள் போட்ட வேலை நம் ஊரில் காலை 7.30-க்குத்தான் கிளம்பும்.

கிரான் ஓடியும் பக்கங்கள் ஆறிக் கிடந்தால், அதாவது கேச்சில் இல்லாமல் போனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ரீலோட் 5 நிமிடத்துக்கு 20 பக்கம் கட்டுகிறது என்றால் மணிக்கு 240. தளத்தில் 2,400 பக்கம் இருந்தால் ஒரு சுற்றுக்கு 10 மணி நேரம். கேச் ஆயுளை 6 மணி என்று வைத்திருந்தால், கடைசிப் பக்கத்தைத் தொடுவதற்குள் முதல் 960 பக்கம் காலாவதியாகிவிடும். சுற்று முடியும் நேரத்தைப்போல் இரு மடங்காவது ஆயுள் கொடுப்பது நல்லது. அதற்காக ஒரு வாரம் என்று நீட்டிவிடவும் கூடாது: படிவங்களில் வேர்ட்பிரஸ் வைக்கும் நான்ஸ் என்ற பாதுகாப்புக் குறி 24 மணி நேரத்துக்குள் செல்லாமல் போய்விடும், முன்பதிவுப் படிவம் பிழை காட்டும். முன்கூட்டியே சட்னி ஊற்றி வைத்த தட்டுவடை நமத்துப்போகிற கதைதான். அந்தப் பக்கத்தை மட்டும் கேச்சிலிருந்து விலக்கிவிடலாம்.

வேகத்தைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் அது ஆபத்து. ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பக்கம் கட்டச் சொன்னால் சி.பி.யு வரம்பு முட்டி, சர்வர் 503 அல்லது 508 என்ற பிழை எண்ணைக் காட்டிக் கையை விரிக்கும். சர்வருக்கு வந்த கோரிக்கைகளைப் பதியும் ஆக்சஸ் லாகைத் திறந்து, ப்ரீலோட் போன வரிகளில் உள்ள பதில் எண்ணைப் பாருங்கள். 200 என்றால் பக்கம் ஒழுங்காகக் கிடைத்திருக்கிறது. 403 என்றால் தளத்தின் காவலான ஃபயர்வால் உங்கள் ப்ளகினையே திருட்டு பாட் (தானியங்கி நிரல்) என்று விரட்டுகிறது, சர்வரின் ஐ.பி முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 429 என்றால் கோரிக்கைகள் மிக வேகமாகப் போகின்றன, இடைவெளியைக் கூட்டுங்கள். 404 வரிசையாக வந்தால் சைட்மேப் முகவரி பழையது. 2020-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே சைட்மேப் தருகிறது, தேடுபொறிக்கான எஸ்.இ.ஓ ப்ளகின் போட்டால் முகவரி பெரும்பாலும் மாறிவிடும்.

லாகில் எல்லாமே 200, ஆனாலும் வருகிறவருக்கு மெதுவாகத்தான் திறக்கிறதா? சூடாக்கிய பிரதி வேறு, அவருக்குப் போகும் பிரதி வேறு என்று பொருள். மொபைலுக்குத் தனிக் கேச் வைத்துவிட்டு, கணினி வடிவத்தை மட்டும் ப்ரீலோட் செய்தால் இது நடக்கும். திரைக்குத் தக்கபடி தானே மாறும் தீம் என்றால் பெரும்பாலும் தனிக் கேச் தேவைப்படாது. ஃபேஸ்புக்கில் பகிர்ந்த இணைப்பின் வாலில் ‘எஃப்பிகிளிட்’ (fbclid) என்று சொடுக்குக்குச் சொடுக்கு மாறும் குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதைப் புறக்கணிக்கச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு சொடுக்கும் கேச்சுக்குப் புதுப் பக்கம்தான்.

சோதிக்கும்போது லாகின் செய்யாத மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். உள்ளே நுழைந்தவருக்குக் கேச் வழக்கமாகப் போகாது. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க், அதில் முதல் வரி, அதன் ஹெடர்களைப் பாருங்கள். லைட்ஸ்பீட் சர்வரானால் கேச் ஹெடரில் ‘ஹிட்’ (கேச்சிலிருந்து வந்தது) அல்லது ‘மிஸ்’ (கேச்சில் இல்லை) என்று இருக்கும். தளத்துக்கும் வருகிறவருக்கும் இடையில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவை ‘டைனமிக்’ என்று காட்டினால் பதற வேண்டாம். எச்.டி.எம்.எல்-ஐ அது இயல்பாகக் கேச் செய்வதில்லை. உங்கள் சர்வரிலுள்ள கேச்சுக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. இதுவரை யாரும் தொடாத ஓர் உள்பக்கத்தை எடுத்துப் பாருங்கள். முதல் தடவையே ‘ஹிட்’ வந்தால்தான் ப்ரீலோட் நடந்திருக்கிறது. இரண்டாம் தடவை வரும் ‘ஹிட்’ நீங்களே சூடாக்கியது.