பத்துப் பேர், ஒரு கூழாங்கல்: வட்டமாக உட்கார்ந்து பேசுவது எப்படி வேலை செய்கிறது?

சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலுள்ள வட்டக் கல்மேசையைச் சுற்றிப் பெரும்பாலும் நான்கு இருக்கைகள்தான். இயல்பான உரையாடலுக்கும் ஏறத்தாழ அதுவே எல்லை. ஐந்தாவது ஆள் சேர்ந்தால் பேச்சு பிரியத் தொடங்கும் என்று 1995இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பரின் குழு காட்டியது. அண்டைவீட்டார் பத்துப் பேர் மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் இடத்தையும் முறையையும் நாமே அமைக்க வேண்டும்.

சரியான வட்டத்தில் யாரும் யாரையும் மறைப்பதில்லை. நீள்வட்டமானால் ஒரே பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது கடினம். ஆளுக்கு 75 செ.மீ. கணக்கில் 12 பேருக்குச் சுற்றளவு 9 மீட்டர், நடுவிலிருந்து 1.45 மீட்டர் கயிற்றைச் சுழற்றி நாற்காலிகளைப் போடலாம். 20 பேரானால் விட்டம் 4.8 மீட்டரை நெருங்கும். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போது குரல் 6 டெசிபல் குறையும். கீழ்த்தளத்திலோ கான்கிரீட் கூரையின் எதிரொலி சொற்களைக் குழப்பும். 15 பேரைத் தாண்டினால் இரண்டு வட்டமாக்குங்கள். நகர மன்றத்திடம் இடம் கேட்கும்போதே, தூண் குறுக்கே வராத, விளையாட்டு மைதானத்தை ஒட்டாத பக்கமாகப் பாருங்கள்.

உண்மையான சிக்கல் யார் அடுத்துப் பேசுவது என்பதில்தான். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடி என்று பத்து மொழிகளை (தமிழ் அதில் இல்லை) ஒப்பிட்ட 2009 ஆய்வு கண்டது. ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லவே சுமார் 0.6 நொடி ஆகும். ஆகவே, பேசுபவர் முடிக்குமுன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பவருக்கே வாய்ப்பு. நிதானமாக யோசிக்கும் பாட்டியும், தமிழ் சரளமாக வராத பேரனும் ஓரங்கட்டப்படுவது இப்படித்தான். கையில் பொருள் வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம் என்ற வட அமெரிக்கப் பழங்குடியினரின் வழக்கம் இந்தப் பந்தயத்தையே நிறுத்திவிடுகிறது. கூழாங்கல், சின்னச் செம்பு, எதுவானாலும் சரி. பேச விருப்பமில்லாதவர் அதை அடுத்தவரிடம் தந்துவிடலாம்.

ஆளுக்கு 2 நிமிடம் என்றால் பத்துப் பேருக்கு ஒரு சுற்று 20 நிமிடம். முதல் ஆள் நீட்டினால் எல்லோரும் நீட்டுவார்கள். அதனால் நடத்துபவரே சுருக்கமாகத் தொடங்கட்டும். அறிவுரை கூடாது. "நான் சொல்றதைக் கேளுங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், அடுத்தவர் தன் மனத்திலிருப்பதை விட்டுவிட்டுப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.

இன்னொன்று, தன் முறைக்குச் சற்று முன் பேசியவர் சொன்னது நினைவில் தங்காது. மனம் ஒத்திகையில் இருக்கும். 1973இலேயே சோதனையில் கண்டது இது. இரண்டாம் சுற்றை எதிர்த்திசையில் விடுங்கள். முதலில் இடப்பக்கத்தவரைத் தவறவிட்டவர் இம்முறை அவரைக் கேட்பார். வலப்பக்கத்தவர் சொல்வது நழுவும்; அதை முதல் சுற்றிலேயே கேட்டாயிற்று.