கிக்கரில் கால் வைக்கும் முன்

பத்துப் பதினைந்து வருடம் மூலையில் கிடந்த பைக்கை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். கொஞ்சம் புது பெட்ரோல் ஊற்றுவார்கள், பிளக்கைத் துடைத்து மாட்டுவார்கள், உதைக்க ஆரம்பித்துவிடுவார்கள். சும்மா நின்றதில் எஞ்சினுக்கு ஆன சேதம் பல நேரம் சின்னதாகத்தான் இருக்கும். அதைப் பெரிதாக்குவது அந்த முதல் இருபது உதை.

கடைசியாக ஓடியபோது சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் எப்போதோ வழிந்து இறங்கியிருக்கும். அந்த இடத்தில் மெல்லியதாகத் துரு ஏறியிருக்கும். அதன் மேல் பிஸ்டன் ரிங்கை வேகமாக ஓட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். அதனால் முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். 10 முதல் 15 மி.லி. எஞ்சின் ஆயிலை அந்த ஓட்டை வழியாக விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கிக்கர் வேண்டாம். எங்காவது பிடித்தால் சக்கரத்தில் வைத்த கைக்கு அது தெரியும்; காலுக்குத் தெரியாது.

துளியும் அசையவில்லை என்றால் பிஸ்டன் ஜாம். ஆட்டோமேடிக் கியர் வண்டிகளுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து, குலுக்கி, 30 மி.லி. அளவுக்கு உள்ளே விடுவது நன்றாக வேலை செய்யும். இரண்டும் தானாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பெயின்ட்டைத் தின்னும், சட்டென்று தீயும் பிடிக்கும், கவனம். தினமும் கொஞ்சம் சேர்த்து, தினமும் சக்கரத்தை இருபக்கமும் லேசாக அசைத்துக்கொண்டே நான்கைந்து நாள் பொறுங்கள். கிக்கர் மேல் ஏறி நின்று குதித்தால் பிஸ்டன் விடுபடாது. கிக் ஷாஃப்ட் பல்தான் போகும், சில வண்டிகளில் கேஸிங்கே விரியும். ஒரு வாரத்திலும் அசையாவிட்டால் சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைத் திறப்பதுதான் மரியாதை.

பிஸ்டன் விடுபட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ரிங் நின்ற இடத்தில் சுவரைச் சுற்றி ஒரு துருவளையம் இருக்கும். ஹெட் திறந்திருந்தால் அதன் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் ஹோனிங்கும் (சுவரை லேசாக உரசிச் சீராக்குவது) புது ரிங்கும் போதும். நகம் மாட்டினால் ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதுதான். அங்கே சமாதானத்துக்கு இடமில்லை.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் இன்னொரு கவலையும் உண்டு. பழைய பெட்ரோலும் ஈரமும் கிராங்க் அறைக்கு அடியில் தேங்கி பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனை பேரிங்கான பிக்எண்ட் ரோலரைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். சிலிண்டர் பேரலைத் தூக்கினால் கனெக்டிங் ராடை நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. மேல் கீழ் ஆட்டம் கடுகளவும் இருக்கக்கூடாது. அடுத்தது கிராங்க் ஆயில் சீல், ரப்பர் காய்ந்து கல் மாதிரி ஆகியிருக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உள்ளே இழுத்து வெள்ளைப் புகை தள்ளும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் புகையே வராது. வெறும் காற்றை இழுக்கும். பார்க்க நல்ல வண்டி போலத் தெரியும், பெட்ரோல் போதாமல் சூடேறி திடீரென்று பிஸ்டன் இறுகி சீஸ் ஆகும். இரண்டில் இதுதான் பொல்லாதது. இத்தனை வருடம் நின்ற வண்டியில் இரண்டு சீலையும் பேச்சில்லாமல் மாற்றிவிடலாம்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வ் மூடியைத் திறந்து, எஞ்சினைக் கையால் சுற்றும்போது இரண்டு வால்வும் இறங்கி ஏறுகிறதா என்று பார்க்காமல் உதைக்கவே கூடாது. கைடில் (வால்வ் ஓடும் குழல்) ஒட்டிய வால்வ், தன்னைத் தள்ளும் புஷ்ராடை வளைத்துவிடும். பழைய புல்லட் போன்ற டிரை சம்ப் (ஆயில் கிராங்க் அறையில் தேங்காமல் தனி அறையில் இருக்கும்) எஞ்சின்களில் இன்னொரு தந்திரமான கோளாறு உண்டு: ஆயில் அறையில் இருந்த ஆயில் மெல்ல மெல்லப் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். மேலே பார்த்தால் ஆயில் இல்லை, இன்னும் ஊற்றுவோம். ஸ்டார்ட் ஆனதும் அத்தனையும் பிரீதர் (காற்றுப்போக்கு) குழாய் வழியாகப் பீறிட்டு வரும், சீலையும் தள்ளும். ஆகவே கிராங்க் அறை, ஆயில் அறை, கியர் பாக்ஸ் என்று எல்லா டிரெயின் போல்ட்டையும் திறந்து வடித்த பிறகுதான் புது ஆயில். வடிந்தது பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கிளட்ச் ஆயிலில் மூழ்கி ஓடும் வண்டிக்குக் கார் ஆயில் ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. (ஆயிலில் ஓடும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

இனி பெட்ரோல். டேங்கில் மிச்சம் இருப்பதில் ஒரு சொட்டுகூட எஞ்சினுக்குப் போகக்கூடாது. எளிதில் ஆவியாகும் பகுதி எல்லாம் போய், மீதி வார்னிஷ் மாதிரி பிசின் ஆகியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் படியும். டேங்க் அடித்தகடு முதலில் ஓட்டை விழுவது அதனால்தான்.

துருவுக்குச் சிட்ரிக் அமிலம் போதும், கடுமையான ஆசிட் தேவையில்லை. பெட்ரோல் காக்கைக் கழற்றி ஓட்டையை அடைத்து, லிட்டருக்கு 100 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து டேங்க் கழுத்து வரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே துரு அப்படியே இருக்கும். 12 முதல் 24 மணி நேரம் போதும். கொட்டியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, உடனே காய வையுங்கள். உடனே என்றால் உடனே. சுத்தமான இரும்பு ஈரத்தோடு நின்றால் சில நிமிடத்திலேயே மறுபடி செம்மண் நிறம் பூக்கும். காய்ந்ததும் 100 மி.லி. டூடி (டூ ஸ்ட்ரோக் எஞ்சின்) ஆயிலை உள்ளே விட்டு நாலாபக்கமும் புரட்டுங்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளைகளான ஜெட்டுகளில் மெயின் ஜெட் அநேகமாகத் தப்பித்திருக்கும். வண்டி ஐட்லிங் நிற்காததற்குக் காரணம், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டில் உள்ள அடைப்பு. அந்த ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கம்பி விட்டுக் குத்தினால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகும், அப்புறம் எந்த டியூனிங்கும் நிற்காது. கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் பித்தளை ஃப்ளோட்டை (மிதவை) வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். ஆக்சிலேட்டர் இழுக்கும் திராட்டில் ஸ்லைடு மேலே போனால் ‘டக்’கென்று தானாக விழ வேண்டும். ஒட்டிக்கொள்ளும் ஸ்லைடோடு எஞ்சினை ஸ்டார்ட் செய்வது ஆபத்து.

கரன்ட் வரவில்லை என்றதும் காயிலைக் குறை சொல்வது வழக்கம். உண்மையில் முதல் குற்றவாளி, பிளக் பொறிக்காகக் கரன்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சி.பி. பாயிண்ட்டின் முகத்தில் படிந்த கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு. 600 நம்பர் எமரித்தாளால் இரண்டு தடவை இழுத்து, பெட்ரோலில் நனைத்த கெட்டி அட்டையால் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் எமரித்தூளே மின்சாரத்தைத் தடுக்கும். கேம் மேட்டில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி, பல பழைய வண்டிகளில் 0.35 முதல் 0.40 மி.மீ. உங்கள் வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் அதுவே சரி. பாயிண்ட்டில் பளபளவென்று பொறி பறந்து, பிளக்கில் மஞ்சளாக நோஞ்சான் பொறி வந்தால் கண்டென்சர் போய்விட்டது. பேட்டரி இணைக்கும் முன் ஒரு ஃபியூஸ் போடுங்கள், எலி கடித்த ஒயர் எங்கே உரசுகிறது என்று யாருக்குத் தெரியும்? பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். வழக்கம்போல நெகட்டிவை பாடியில் மாட்டினால் ரெக்டிஃபையர் காலி.

கிளட்ச் பிளேட்டுகளும் ஒட்டியிருக்கும். லீவரை இழுத்துக் கட்டி ஒரு நாள் விட்டு, கியரில் போட்டு முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் விடுபடும்.

இப்போது உதைக்கலாம், ஆனால் திறந்தவெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க. டேங்கை மாட்டாமல் 250 மி.லி. புட்டியில் டியூப் போட்டுப் பெட்ரோல் கொடுங்கள். கசிந்தாலும் கால் லிட்டரோடு போகும். டூ ஸ்ட்ரோக்குக்கு லிட்டருக்கு 40 மி.லி. ஆயில் பல பழைய எஞ்சின்களுக்குப் பொருந்தும். ஆயில் பம்ப் உள்ள வண்டியிலும் பம்பில் காற்று இல்லை என்று உறுதியாகும் வரை கலந்தே ஊற்றுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் முதலில் பிளக் இல்லாமல், அதன் ஒயரை எர்த்தில் வைத்து, மெதுவாக உதைத்து ஆயில் ஹெட் வரை ஏறுகிறதா என்று பாருங்கள். டூ ஸ்ட்ரோக் திடீரென்று தானாக ரேஸ் ஏறி, சாவியை அணைத்தும் நிற்காவிட்டால் பதற வேண்டாம்: டாப் கியர், பிரேக், கிளட்ச்சை விடுங்கள். அல்லது கார்புரேட்டர் வாயைத் துணியால் அடையுங்கள்.

ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் தெருவுக்குப் போய்விடாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ன் 23ஆம் வாரம். மூன்று இலக்கம் என்றால் 2000-க்கு முந்தைய டயர், பட்டன் (தரையில் படும் வரிகள்) எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழற்றிப் போடுங்கள். பசையால் ஒட்டிய பிரேக் லைனிங் பழசானால் ஷூவிலிருந்து பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கிச் சக்கரத்தையே பூட்டிவிடும். டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆயிலை சூட்டோடு வடித்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி, காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டினால் கவலை இல்லை. விரலில் நெருடும் செதில்கள் ஒட்டினால் வண்டியை நிறுத்திவிட்டு கிராங்க்கைத் திறந்து பாருங்கள்.