பேக்லாக்: கைவசமா, நிலுவையா?

விமானம் தயாரிக்கும் ஏர்பஸ் நிறுவனம் 2024-ஆம் ஆண்டை 8,658 விமான பேக்லாக்கோடு முடித்தது என்று வணிகச் செய்தியில் படிக்கிறோம். வாங்குவதாக ஒப்பந்தம் போட்டாயிற்று, ஆனால் விமானம் இன்னும் கைக்கு வந்து சேரவில்லை. அப்படிப்பட்ட ஆர்டர்களின் மொத்தக் கணக்குதான் பேக்லாக். இதுவரை சிக்கல் இல்லை. அது கூடினால் நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று கேட்டால்தான் சொல் வழுக்குகிறது.

சொல்லின் பிறப்பிலேயே அந்த வழுக்கல் இருக்கிறது. 'பேக்' என்றால் பின்புறம், 'லாக்' என்றால் மரக்கட்டை. குளிர்நாட்டு வீடுகளில் கணப்படுப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய கட்டையைப் போட்டுவைப்பார்கள். முன்னால் இருக்கும் சிறு விறகுகள் எரிந்து தீர்ந்துகொண்டிருக்க, பின்கட்டை நிதானமாகக் கனன்று, சூட்டை அறைப்பக்கம் தள்ளும். தீ அணையாமலும் காக்கும். இந்தப் பொருளில் சொல் 1680-களிலேயே பதிவாகியிருக்கிறது. பிறகு உதவும் என்று எடுத்துவைத்த சேமிப்பு என்ற பொருள் 1880-களில் வந்தது. முடிக்காமல் தேங்கிக் கிடக்கும் ஆர்டர் என்ற பொருள் 1930-களில்தான். குறிப்பேட்டைக் குறிக்கும் இன்னொரு 'லாக்' இந்தப் பிந்தைய பொருள்களுக்குத் துணைபோயிருக்கலாம் என்பாரும் உண்டு. எப்படியோ, சேமிப்பாகப் பிறந்தது பாக்கியாகிவிட்டது. பழைய பொருளும் சாகவில்லை. பங்குதாரரிடம் பேசும்போது நிறுவனம் சேமிப்பு என்ற பொருளில் சொல்கிறது. விமானத்துக்குக் காத்திருப்பவர் காதில் அது பாக்கி என்றே விழுகிறது.

ஏர்பஸ் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022 முடிவில் பேக்லாக் 7,239. அடுத்த ஆண்டு ரத்துகள் போக 2,094 புதிய ஆர்டர்கள் வந்தன, ஒப்படைத்தது 735. ஆண்டு முடிவில் 8,598. இந்த எழுச்சிக்கு நம் ஊர்ப் பங்கும் உண்டு: 2023 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் இண்டிகோ ஒரே ஒப்பந்தத்தில் 500 விமானங்களுக்குச் சொல்லிவைத்தது. அதுவரை பயணிகள் விமானத் துறை கண்டிராத அளவு. அந்த விமானங்கள் வரப்போவது 2030-க்கும் 2035-க்கும் இடையில். 2024-இல் கதை வேறு. ரத்து போக 826 ஆர்டர், ஒப்படைப்பு 766, ஏற்றம் வெறும் 60. புதிய ஆர்டரை ஒப்படைப்பால் வகுத்து வரும் எண்ணைத் துறையில் 'புக்-டு-பில்' என்பார்கள். 2023-இல் அது 2.8-ஐத் தாண்டியது, 2024-இல் 1.08. ஒன்றுக்கு மேல் இருக்கும்வரை பேக்லாக் வளரும், கீழே போனால் கரையும், அவ்வளவுதான் விஷயம். 2024-இன் வேகத்திலேயே போனால், புதிதாக ஒரு ஆர்டரும் எடுக்காமல் இருப்பதை முடிக்கவே 11 ஆண்டுக்கு மேல் ஆகும்.

பண மதிப்பில் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். ஹெலிகாப்டர், பாதுகாப்புத் துறை எல்லாம் சேர்த்து ஏர்பஸ் குழுமத்தின் ஆர்டர் மதிப்பு 2023 முடிவில் 55,400 கோடி யூரோ, ஓராண்டு கழித்து 62,900 கோடி யூரோ. பயணிகள் விமானம் 60 மட்டுமே கூடிய ஆண்டில் இவ்வளவு ஏற்றமா? விமானத்துக்கு விலை பேசுவது டாலரில், ஏர்பஸ் கணக்கு எழுதுவது யூரோவில். டாலர் வலுத்தால் ஒரு விமானம்கூட விற்காமலே பேக்லாக் பருத்துவிடும். அந்த ஆண்டு ஏற்றத்தில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான் என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆகவே பணத்தைப் பார்க்குமுன் விமானத்தை எண்ணுங்கள்.

எண்ணினாலும் தெரியாதது ஒன்று உண்டு. 2025 நடுவில் ஏர்பஸிடம் சுமார் 60 விமானங்கள் உடல், இறக்கை, வால் எல்லாம் முடிந்து, எஞ்சின் மட்டும் வராமல் நின்றன. தொழிற்சாலை வட்டாரத்தில் இவற்றுக்குக் 'கிளைடர்', அதாவது எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானம், என்று பெயர். எஞ்சின் மாட்ட வேண்டிய இடத்தில் எடை சமனுக்காகக் கான்கிரீட் பாளத்தைத் தொங்கவிட்டு நிறுத்தும் வழக்கமும் உண்டு. முக்கால்வாசிக்கு மேல் முடிந்த இந்த விமானமும், 2034-இல் செய்யப்போகும், இன்னும் தகடுகூட வெட்டாத விமானமும் பேக்லாக்கில் ஒன்றுக்கு ஒன்றுதான். ஏ320 குடும்பத்தை மாதம் 75 வீதம் தயாரிப்போம் என்ற இலக்கு 2026-லிருந்து 2027-க்குத் தள்ளிப்போனதற்கு இத்தகைய உதிரிபாகத் தட்டுப்பாடுகளே காரணம். வாங்குவோர் பஞ்சம் அல்ல.

போயிங் பக்கம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 விமானத்தில் கதவுத்துளையை மூடும் பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. மாதம் 38-க்கு மேல் 737 மேக்ஸ் தயாரிக்கக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வரம்பு கட்டியது. போதாக்குறைக்கு 53 நாள் வேலைநிறுத்தம். முந்தைய ஆண்டு 528 ஆக இருந்த ஒப்படைப்பு 348-க்கு விழுந்தது. பேக்லாக்? 5,600-க்கு மேல் இருந்தது 5,500-க்கு மேல் என்று நின்றது, மதிப்பு 43,500 கோடி டாலர். பேக்லாக்கை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஆண்டின் அல்லோலகல்லோலம் எதுவும் தெரிந்திருக்காது.

காகிதத்தில் இருப்பது காகிதத்திலேயே மறையவும் கூடும். ஏ350 விமானங்களின் மேற்பூச்சு பெயர்ந்த தகராறில் 2022 ஜனவரியில் ஏர்பஸ் கத்தார் ஏர்வேஸின் 50 ஏ321நியோ ஆர்டரை ரத்து செய்தது. 2023 பிப்ரவரியில் சமரசமானதும் அந்த 50-உம் திரும்ப வந்தன. இடையில் எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு திருகாணிகூட அசையவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். அரசு அறிவிக்கைகளில் நிரப்பாமல் விட்ட ஒதுக்கீட்டு இடங்களைப் 'பின்னடைவுப் பணியிடங்கள்' என்கிறார்கள். 'பேக்' என்பதைப் பிடித்துக்கொண்டு செய்த பெயர்ப்பு. அங்கே நிலைத்துவிட்டது, போகட்டும். 'ஏர்பஸின் பின்னடைவு 8,658' என்று எழுதினால் கம்பெனி மூழ்கப்போகிறது என்றுதான் வாசகர் நினைப்பார். பொறியியல் மாணவர்களின் 'அரியர்' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது; அதற்கும் 'பின்னால்' என்றுதான் வேர்ப்பொருள். 'பாக்கி' அரபியிலிருந்து உருது வழியாக வந்தது, மிச்சம் என்று பொருள். 'நிலுவை' நம் 'நில்' என்ற வேரோடு உறவுடையது. தெலுங்கிலும் 'நிலுவ' உண்டு. நீதிமன்ற வழக்கு, வரி, சம்பள உயர்வு எல்லாவற்றுக்கும் பழகிப்போன சொல். ஆனால் இந்தச் சொற்கள் அனைத்திலும் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காத குற்றவாடை அடிக்கிறது. பின்கட்டையின் கதகதப்பு எதிலும் இல்லை.

'நிலுவை ஆணைகள்' என்று சிலர் முழுத்தமிழாக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆணை என்றதும் அரசாணையோ நீதிமன்ற ஆணையோதான் நினைவுக்கு வரும். 'ஆர்டர்' கடைத்தெருவில் ஊறிய சொல், இருந்துவிட்டுப் போகட்டும். வருவாய் பற்றிப் பேசும் இடத்தில் 'கைவசமுள்ள ஆர்டர்கள்', தாமதம் பற்றிப் பேசும் இடத்தில் 'நிலுவை ஆர்டர்கள்' என்று எழுதுவதே என் வழக்கம். இரண்டையும் தாங்கும் ஒற்றைச் சொல் வேண்டுமென்றால் 'ஒப்படைக்கவேண்டியவை' எனலாம். நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. பெங்களூரு எச்ஏஎல் நிறுவனத்திடம் 73 தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானங்கள், 10 தேஜஸ் பயிற்சி விமானங்கள் என மொத்தம் 83-க்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போடப்பட்டது. ஒப்படைப்பு 2024-இல் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திலிருந்து எஞ்சின் வருவது தாமதமாயிற்று. அந்த 83-இல் ஒன்றுகூட விமானப்படைக்குப் போகாத நிலையில், 2025 செப்டம்பர் 25 அன்று 62,370 கோடி ரூபாய்க்கு மேலும் 97 விமானங்களுக்குக் கையெழுத்தானது. பங்கு வாங்கியவருக்கு அன்று கைவசம் 180 தேஜஸ். மறுநாள் சண்டிகரில் கடைசி மிக்-21 விமானங்களை வழியனுப்பிய விமானப்படைக்கு 180 நிலுவை.