சொட்டுநீர் மானியம்: விண்ணப்பம் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம். மற்றவர்களுக்கு 75 சதவீதம். பணம் உங்கள் கைக்கு வராது, அமைத்துத் தரும் கம்பெனிக்குப் போகும். திட்டம் இவ்வளவுதான். அலைச்சல் முழுக்கக் காகிதத்தில்.

இறந்துபோன அப்பா பெயரில் பட்டா இருந்தால் விண்ணப்பம் நகராது. வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றிக்கொண்டு போங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகளின் சம்மதம் கேட்பார்கள். கிணறு வேறொருவர் சர்வே எண்ணில் இருந்தால் தண்ணீருக்கும் சம்மதக் கடிதம் வேண்டும். பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து என்றால் அதையும் முதலிலேயே திருத்துங்கள்.

சிறு, குறு விவசாயி சான்று கையில் இல்லையென்றால் ஒரு ஏக்கர்காரருக்கும் 75 சதவீதம்தான். இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) தாண்டித் தாசில்தார் வரை போகவேண்டும். "அனுப்பிட்டோம், வரும்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். விண்ணப்ப எண்ணைச் சொல்லி, யாரிடம் நிற்கிறது என்று கேளுங்கள்.

வயலில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜூலை 1 அன்று பசலி, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, மாறும். ஜூனில் வாங்கிய அடங்கலை ஜூலையில் நீட்டினால், புதிது கொண்டுவா என்பார்கள். அதில் 'தரிசு' என்று இருந்தாலும் திரும்பிவிடும்; பயிரும் பாசன ஆதாரமும் சரியாக இருக்கிறதா என்று வி.ஏ.ஓ. முன்னாலேயே படித்துப் பாருங்கள்.

எந்த அலுவலகம் என்பதைப் பயிர் தீர்மானிக்கிறது. கரும்பு, நிலக்கடலை, தென்னை வேளாண்மைத் துறை. வாழை, காய்கறி, மா தோட்டக்கலைத் துறை. இது தெரியாமல் அங்குமிங்கும் விரட்டப்படுகிறவர்கள் ஏராளம். பதிவு செய்யும்போது உங்கள் செல்போன் எண்ணையே கொடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், வரும் தகவலெல்லாம் அவருக்கே போகும்.

பணி ஆணை வருவதற்கு முன் ஒரு குழாயும் பதிக்காதீர்கள். ஏற்கெனவே பதித்ததற்கு மானியம் கிடையாது. ஒருமுறை மானியம் வாங்கிய நிலத்துக்கு 7 ஆண்டு கழித்துத்தான் மறுபடியும். 100 சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த விலைக்குத்தான். கிணறு தூரமாக இருந்து மெயின் லைன் (தண்ணீர் கொண்டுவரும் முதன்மைக் குழாய்) நீண்டால் மிச்சச் செலவு உங்களுடையது. பள்ளம் தோண்டும் கூலி யாருடையது என்பதையும் சேர்த்துக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி முன்பணம் தராதீர்கள்.

வேலை முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் கையெழுத்துக்கு அவசரப்படுத்துவார்கள். மோட்டாரைப் போட்டு, வயலின் கடைக்கோடிச் சொட்டுவானுக்கு (தண்ணீர் சொட்டும் துளை முனை) அடியில் ஒரு பெரிய டம்ளரை வையுங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் என்றால் 5 நிமிடத்தில் 330 மில்லி அளவுக்கு நிறைய வேண்டும். பாதிதான் வருகிறதென்றால் அழுத்தம் போதவில்லை அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. சரிசெய்து தந்த பிறகே பேனாவை எடுங்கள்.