ஆளைப் பிடிப்பதும் லாபி செய்வதும்

அரசின் முடிவைத் தங்களுக்குச் சாதகமாக்க முயல்வதுதான் 'லாபி'. அந்தச் சொல்லைக் கேட்டதும் பணப்பெட்டியும் ஓட்டல் அறையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆடிட்டராக நான் பார்த்த லாபி பெரும்பாலும் ஏ4 தாளில் நடந்தது. சிறு தொழில் சங்கங்களுக்குக் கோரிக்கை மனு எழுதித் தருவதும் எங்கள் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான்.

நான் எழுதிய முதல் மனு பதினோரு பக்கம். தொழிலின் வரலாறு, தொழிலாளர் கஷ்டம் எல்லாம் உருக்கமாக இருக்கும். டெல்லியில் அதை வாங்கிய அதிகாரி முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. "எந்த ஹெச்எஸ்என்? எத்தனை சதவீதம் வேண்டும்? அரசுக்கு வருவாய் எவ்வளவு குறையும்?" என்று கேட்டார். ஹெச்எஸ்என் என்பது வரிக்காக ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள குறியீட்டு எண். மூன்றுக்கும் அதில் பதில் இல்லை. ஃபிக்கி, சிஐஐ போன்ற பெரிய தொழில் வர்த்தக அமைப்புகளில் இந்தப் பதில்களைத் தயாரிப்பதற்கென்றே சம்பள ஆட்கள் உண்டு. பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சகம் கூப்பிட்டுக் கேட்கும் வரிசையிலும் அவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சங்கங்களும் விவசாய சங்கங்களும் அழைக்கப்படுவது உண்டு. ஆனால் அவர்களுடைய பலம் கூட்டத்திலும் தெருவிலும், தாளில் குறைவு. மருத்துவர் சங்கம் போன்ற தொழில்முறை அமைப்புகள், நுகர்வோர் அமைப்புகள், சுற்றுச்சூழல் குழுக்கள் என்று இன்னும் வகைகள் இருக்கின்றன.

இந்தப் பெயர்களை விட, ஒரு சங்கத்துக்குள்ளேயே எத்தனை சங்கம் இருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18. 2020 மார்ச்சில், மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து வரி விகிதத்தை முடிவு செய்யும் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி எல்லாவற்றுக்கும் 12 என்று ஆக்கியது. ஏப்ரல் 1 முதல் அமல். வெளியிலிருந்து பார்த்தால் குழப்பம் தீர்ந்தது. உள்ளே இயந்திரம் வைத்திருப்பவருக்கு 6 குறைந்தது, கைவேலைக்காரருக்கு 7 ஏறியது. 'தீப்பெட்டித் தொழிலின் கோரிக்கை' என்று யாராவது பேசினால், எந்தத் தீப்பெட்டி என்று கேட்டுவிடுவது நல்லது.

வரியை மாற்ற எங்கே போய் நிற்பது? கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆக, டெல்லி மட்டும் போதாது, சென்னை மட்டும் போதாது. அமைச்சர்கள் பேசுவதற்கு முன் ஃபிட்மென்ட் கமிட்டி என்ற அதிகாரிகள் குழு கோரிக்கைகளைச் சலித்து எடுக்கிறது. அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்பவர்களில் பலருக்கு இந்தக் குழு இருப்பதே தெரியாது.

சில நேரம் வரியை மாற்றவே வேண்டாம், வேறு கதவு போதும். பிளாஸ்டிக் லைட்டர்கள் தீப்பெட்டி விற்பனையைத் தின்றபோது 2022இல் தமிழக முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த இறக்குமதி மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களுக்குத் தடை வந்தது. அதற்கு நாடாளுமன்றத்தில் விவாதம் தேவைப்படவில்லை. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் ஒரு அறிவிக்கை போதுமானதாக இருந்தது. சரி, முடிந்ததா? முழு லைட்டர் வராவிட்டால் உதிரி பாகமாக வரும். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று.

இதில் லஞ்சம் கொடுத்தால் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் பாயும். ஆனால் யார், யாரை, எதற்காகச் சந்தித்தார்கள் என்று பதிவு செய்யும் லாபிச் சட்டம் நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் இருக்கிறது, இப்போதுள்ள சட்டம் 1995இல் இயற்றப்பட்டது. இந்தியச் சந்தையில் நுழைவது தொடர்பாகவும் லாபிக்குச் செலவு செய்ததை வால்மார்ட் அங்கே கணக்குக் காட்டியதால்தான் 2012இல் இங்கே நாடாளுமன்றத்தில் அமளி நடந்தது. நம் விஷயம் நமக்கே அமெரிக்கத் தாள் வழியாகத் தெரிய வந்தது!

அப்புறம், சிறு யூனிட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சங்க மனுவில் கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கத்திலுள்ள பட்டியலைப் படியுங்கள். எந்த விகிதம் கேட்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும். ஒத்துவராவிட்டால் தனி மனு கொடுங்கள், தடையில்லை. யார் என்ன கேட்டார்கள் என்று அறியத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஒரு யூனிட்டில் மனுவுக்காக எண்ணிக்கை எடுக்கப் போயிருந்தேன். பெட்டி அடைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "சார், எங்க கூலி பத்தியும் அதுல எழுதுவீங்களா?" என்று கேட்டார். அவர்களுடைய தலைக்கணக்கு மனுவின் முதல் பத்தியிலேயே வருகிறது. கூலி பற்றி ஒரு வரி எழுதிச் சேர்த்தேன், சங்கத்தில் அடித்துவிட்டார்கள்.