பாத்ரூம் டைல்ஸில் துளை போடும் முன் தட்டிப் பாருங்கள்

டைல்ஸில் விரிசல் விழுந்தால் எல்லாரும் முதலில் திட்டுவது டிரில்லிங் மெஷினை. அடுத்தது டைல்ஸ் விற்ற கடைக்காரரை. பிளம்பிங், ஃபிட்டிங் வேலையில் நான் பார்த்தவரை பெரும்பாலும் குற்றவாளி டைல்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற காற்றுதான்.

சுவரில் டைல்ஸ் ஒட்டும்போது பின்பக்கம் முழுவதும் கலவை பரவியிருக்க வேண்டும். அவசர வேலையில் நடுவில் மட்டும் கலவையை அப்பி, சுவரில் வைத்து, கரண்டிக் கைப்பிடியால் நாலு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த டைலுக்குப் போய்விடுவார்கள். நடுப்பகுதி நன்றாகப் பிடித்துக்கொள்ளும், மூலைகள் அந்தரத்தில் நிற்கும். டவல் ராடோ கண்ணாடியோ மாட்ட வருகிறவர் அந்த மூலையில் மெஷினின் துளை போடும் முனையை, அதாவது பிட்டை, வைத்து அழுத்துகிறார். பின்னால் தாங்க ஒன்றும் இல்லை. ஓடு வளையாது, உடையத்தான் செய்யும்.

அதனால் மெஷினை எடுக்கும் முன் விரல் கணுவாலோ ஒரு நாணயத்தாலோ அந்த டைலை மூலைக்கு மூலை தட்டிப் பாருங்கள். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்போமே, அந்தக் காது போதும். கெட்டியான சத்தம் வரும் இடம் வேறு, டொப்பென்று பொந்துச் சத்தம் வரும் இடம் வேறு. பொந்தாகக் கேட்டால் ராடை இரண்டு இஞ்ச் தள்ளி மாட்டுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்து, உங்கள் சுவரில் இருப்பது செராமிக்கா, விட்ரிஃபைடா என்று தெரிய வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை, ஒன்றுக்கு ரெண்டு அடி அளவுகளில் வரும் பழைய சுவர் டைல்ஸ் பெரும்பாலும் செராமிக். மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, உள்ளே மென்மையான மண். இப்போது ரெண்டுக்கு நாலு அடி டைல்ஸைப் பாத்ரூம் சுவருக்கும் ஒட்டுகிறார்கள். அவை பெரும்பாலும் விட்ரிஃபைடு, உள்ளேயும் கல் போல இறுகியவை. சந்தேகம் இருந்தால் பரணில் கிடக்கும் மிச்ச டைலை எடுத்துப் பின்பக்கம் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். செராமிக் அதைச் சட்டென்று உறிஞ்சிவிடும். விட்ரிஃபைடில் சொட்டு அப்படியே நிற்கும்.

செராமிக்குக்கு ஈட்டி முனை கொண்ட டைல்ஸ் பிட் போதும். அதே பிட்டை விட்ரிஃபைடில் வைத்தால் முனை சூடாகி மழுங்கும். துளை விழவில்லையே என்று இன்னும் அழுத்துவோம், அப்போதுதான் டைல் போகும். விட்ரிஃபைடுக்கு நடுவில் குழியாக இருக்கும் டைமண்டு பிட் வேண்டும். அதை நேராக வைத்து ஆரம்பித்தால் வழுக்கி ஓடி டைலில் கோடு போட்டுவிடும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, பிறை வடிவில் ஒரு பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்த வேண்டும். நடுநடுவே தண்ணீர் தெளித்து ஆற விட வேண்டும். தண்ணீரும் கரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பதால் இந்த வேலைக்கு பேட்டரி டிரில் நல்லது. வயர் வைத்த மெஷின்தான் என்றால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் போடுங்கள், ஈரக் கையால் தொடாதீர்கள்.

எந்த டைலானாலும் ஹேமர் மோடு வேண்டாம். மெஷினில் சுத்தியல் படம் போட்ட குமிழ் இருக்குமே, அதைத் திருப்பி வெறும் சுற்றுக்கு மாற்றுங்கள். கீசர் மாட்ட வரும் கம்பெனி ஆட்கள் அன்றைக்கு இன்னும் சில வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கும், ஹேமரிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று, "தம்பி, டைல்ஸ் தாண்டும் வரைக்கும் ஹேமர் போடாதீங்க" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குறி வைக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டினால் பிட் வழுக்காது. ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டிக் குறி போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கண்ணாடிப் பூச்சு மேல் அப்படித் தட்டினால் விரிசல் அங்கேயே பிறந்துவிடும். குறைந்த வேகம், மிதமான அழுத்தம். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க்.

இரண்டு டைலுக்கு நடுவே உள்ள ஜாயின்ட்டில் துளை போட்டால் டைல் தப்பும் என்று சிலர் சொல்வார்கள். அங்கே இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர், துளையோ ஆறு மில்லிமீட்டர். இரண்டு பக்க ஓரமும் சேர்ந்து சில்லுப் பெயரும். ஓரத்திலிருந்து ஓர் இஞ்ச்சாவது உள்ளே தள்ளிப் போடுவதே எனக்குச் சரி.

டைலைத் தாண்டியதும் பிட்டை மாற்றி, சுவருக்கான சாதாரண பிட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். செங்கல் சுவருக்கு அப்போதும் பெரும்பாலும் ஹேமர் தேவைப்படாது, கான்கிரீட் என்றால் மட்டும்தான். பல பேர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். துளை அழகாக விழுந்திருக்கும், ஸ்க்ரூவை முறுக்கும்போது டக்கென்று டைல் பிளக்கும். காரணம், ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் டைலின் கனத்துக்குள்ளேயே நின்றிருக்கும். ஸ்க்ரூ ஏற ஏற பிளக் விரியும், விரிகிற விசை முழுவதும் ஏழெட்டு மில்லிமீட்டர் ஓட்டின் மேல் இறங்கும். துளையின் தூசியை ஊதி எடுத்துவிட்டு, பிளக்கின் வாய் டைலைத் தாண்டிச் சுவருக்குள் போகும் வரை தள்ளிவிட வேண்டும். ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றி அதன் தலையில் லேசாகத் தட்டினால் உள்ளே இறங்கிவிடும். உள்ளே கொஞ்சம் சிலிகான் விட்டால் அந்த வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்காது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவே வாங்குங்கள். கடைசி முறுக்கில் பலம் காட்ட வேண்டாம்.

டைல் உடைந்தால் ஒரு டைலோடு போகும். பைப்பில் துளை விழுந்தால் சுவரையே உடைக்க வேண்டிவரும். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாயான மிக்ஸரிலிருந்து ஷவருக்கும், கீசர் பாயின்ட்டிலிருந்து மிக்ஸருக்கும் பைப் சுவருக்குள் மேலும் கீழுமாகத்தான் பெரும்பாலும் ஓடும். குழாய், ஷவர், கீசர் இவற்றின் நேர் மேலேயும் நேர் கீழேயும், இருபக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு, துளையே போடாதீர்கள். கீசர் பாயின்ட்டுக்கு வரும் ஒயருக்கும் இதே கணக்கு. அதன் அருகே வேலை என்றால் அந்த லைனின் கரண்டை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டுச் செய்யுங்கள். புது வீடு கட்டுகிறவர்கள், டைல்ஸ் ஒட்டும் முன் பாத்ரூமின் நான்கு சுவரையும், பக்கத்தில் டேப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்து வையுங்கள்.

துளை போடும்போது தண்ணீர் பீய்ச்சினால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். உடனே தெரிந்துவிட்டது, மாடித் தொட்டி வால்வை மூடிவிட்டு ஆள் கூப்பிடலாம். ஸ்க்ரூ பைப்பை உரசி, கசிவு அதோடு அடைபட்டு நின்றுவிட்டால்தான் ஆபத்து. சில மாதம் கழித்துப் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பும்போது துளை போட்டது யாருக்கும் நினைவிருக்காது.

சோப்பு டப்பா, பிரஷ் ஸ்டாண்டு போன்ற லேசான பொருளுக்கு இந்தப் பாடே தேவையில்லை, ஒட்டும் ஹூக்குகள் தாங்கும். ஆனால் பெரியவர்கள் பிடித்து எழும் கைப்பிடியை வாக்யூமில் ஒட்டி வைக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஈரத்தில் அந்த ரப்பர் எப்போது விடும் என்று சொல்ல முடியாது. விட்டால் அவர்கள் முழு எடையோடு தரையில் விழுவார்கள். கைப்பிடிக்குத் துளை போட்டே ஆக வேண்டும், டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கலில் பிடிக்கிற நீளத்துக்கு ஸ்க்ரூ வேண்டும். ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் உள்ள லேசான சிமென்ட் கல்) சுவர் என்றால் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்று விற்கும் நீளமான பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். கீசருக்கும் அப்படித்தான். இருபத்தைந்து லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே இருபத்தைந்து கிலோ, அதற்கு மேல் அதன் சொந்த எடை.

டைல்ஸ் வாங்கும்போது நாலைந்து கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணையும் குறித்து வையுங்கள். அதே டிசைனை மறுபடி வாங்கினாலும், பேட்ச் மாறினால் நிறம் ஒரு சாயல் தள்ளிப் போகும்.